வாவியோரக் காணிக்குத் தாங்கு சுவர்: தெரிவும் பராமரிப்பும்

மதில் வேறு, தாங்கு சுவர் வேறு. மதிலின் இரு பக்கமும் நிலம் ஒரே மட்டத்தில் இருக்கும். அது காற்றைத் தாங்கி நின்றால் போதும். தாங்கு சுவருக்கு ஒரு பக்கம் மண், மறு பக்கம் பள்ளம் அல்லது நீர். கொழும்புப் பக்கத்தில் ‘ரிட்டேனிங் வோல்’ என்று சொல்வது இதைத்தான். பிலியந்தலையில் பொல்கொட வாவியோரம், பத்தரமுல்லையில் தியவன்னா ஓயாவோரம், தெஹிவளைக் கால்வாயோரம் என்று காணி வாங்குகிறவர்கள் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ஆறு இஞ்சி புளொக் கல்லில் மதிலை எழுப்பி, அதன் பின்னால் மூன்றடி மண்ணைக் கொட்டி நிலத்தை உயர்த்துகிறார்கள். ஓரிரு மழைக்காலம் அது நிற்கும். பிறகு நடுவில் வயிறு தள்ளும், அதற்குப் பிறகு ஒருநாள் நீருக்குள் கிடக்கும்.

வாவியோரச் சுவர் விழுந்தால் பழி அலைமீதும் வெள்ளத்தின்மீதும் போகும். பெரும்பாலும் அது தவறு. சுவரைச் சாய்ப்பது அதன் பின்னால் தேங்கிய மழைநீர். அடுத்த எதிரி, அடிவாரத்தில் கரைந்துபோகும் மண். முன்பக்கத்து நீர் வாவி நிறைந்திருக்கும்போது சுவரைத் திருப்பித் தள்ளி உதவியே செய்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எதற்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பது தானாகத் தெளிவாகும்.

மண் எவ்வளவு தள்ளும்?

சுவரை எடுத்துவிட்டால் அதன் பின்னாலுள்ள மண் முழுவதும் விழாது. சுவரை ஒட்டி ஆப்பு வடிவில் ஒரு பகுதி மட்டுமே சரியும். சாதாரண மணற்பாங்கான மண்ணில் அந்த ஆப்பின் மேற்புற அகலம் சுவர் உயரத்தில் ஏறக்குறைய 60 வீதம். சுவரைத் தள்ளுவது இந்த ஆப்புத்தான்.

கணக்கு இப்படிப் போகும். ஒரு மீற்றர் உயரச் சுவரை, அதன் நீளத்தில் ஒவ்வொரு மீற்றருக்கும், காய்ந்த மண் ஏறக்குறைய 0.3 தொன் விசையால் தள்ளும். உயரம் இரண்டு மீற்றரானால் 0.6 என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது 1.2 தொன். உயரம் இரட்டிக்கும்போது தள்ளுவிசை நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கும் வலு எட்டு மடங்காகும். ‘இன்னும் இரண்டு வரி கல் வைத்துவிடுவோம், பாஸ்’ என்று மேசனிடம் கேட்பதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

இனி நீரைச் சேர்ப்போம். அதே இரண்டு மீற்றர் சுவரின் பின்னால் மழைநீர் வெளியேற வழியின்றி மேல்வரை தேங்கினால், நீர் மட்டுமே ஏறக்குறைய 2 தொன் தள்ளும். நீரில் மூழ்கிய மண் மிதப்பால் பாரம் குறைந்து 0.6 தொன் சேர்க்கும். மொத்தம் 2.6 தொன். காய்ந்த நிலையில் 1.2 தொன்னுக்குக் கட்டிய சுவர், ஒரு கடும் மழையில் இரண்டு மடங்குக்கும் மேல் தாங்க வேண்டி வருகிறது. மண்ணை மட்டும் கணக்கிட்டு நீரை மறந்த சுவர்கள் இங்கேதான் தோற்கின்றன.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. வெள்ளம் ஏறும்போது வாவி நீர் சுவருக்கு முட்டுக் கொடுக்கிறது. பின்னாலுள்ள மண்ணும் நீரைக் குடித்து நிறைகிறது. மழை விட்டு வாவி மட்டம் வேகமாக இறங்கும்போது முட்டுப் போய்விடும். பின்னால் உள்ள நீரோ அவ்வளவு வேகமாக வடியாது. ஆகவே பல சுவர்கள் மழை நாளில் விழாமல், வெயில் அடிக்கும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ விழுகின்றன. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. 2010 நவம்பரில் தியவன்னா ஓயா பெருகிப் பாராளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. அப்படியான மழையில் வாவி ஏறும் அளவைப் பார்த்துச் சுவரின் உயரத்தை நிச்சயிப்பார்கள். அது இறங்கும் வேகத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

கீழே என்ன மண்?

கொழும்பின் தாழ்நிலங்களில் இது எல்லாவற்றையும் விட முக்கியம். மேட்டில் செம்பாறையும் செம்மண்ணும் கலந்த நல்ல நிலம். சிங்களத்தில் கபொக் என்பார்கள். வாவியை நெருங்க நெருங்க அது மறைந்து, கறுப்பான, உக்கிய தாவரங்கள் நிறைந்த சதுப்புக் கரிமண் வரும். அதன் மேல் வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணை நிரப்பிய காணிகள் ஏராளம். மேலிருந்து பார்த்தால் உறுதியான நிலம்போலத்தான் தெரியும்.

சோதிக்க எளிய வழி: சுவர் வரவேண்டிய கோட்டில் இரண்டு மூன்று இடங்களில் இரண்டு மீற்றர் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பாருங்கள். கறுப்பு மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் கலங்கல் நீர் வழிந்து, கையில் நார் மிஞ்சினால் அது கரிமண். அழுகிய முட்டை வாடையும் வரக்கூடும். கரிமண்ணின்மேல் வைக்கும் பாரம் ஆண்டுக்கணக்கில் மெதுவாக அமிழ்ந்துகொண்டே போகும்; அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அமிழாது. கருங்கல் சுவர் அதில் வெடிக்கும், கொங்கிறீட் சுவர் முழுதாகச் சாயும்.

கரிமண் ஒரு மீற்றருக்குள் முடிந்தால் அதை முழுவதும் அள்ளிவிட்டு மணலோ கருங்கல்லோ நிரப்பலாம். அதற்கு மேல் ஆழமானால் பைல், அதாவது உறுதியான மண்வரை இறங்கும் தூண்கள், அடிக்க வேண்டும், அல்லது சுவரை நிலத்துக்குள் பின்வாங்கி வைக்க வேண்டும். எது சரி என்பதை ஆழ்துளைச் சோதனை அறிக்கை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. மெக்கின்டோஷ் புரோப் என்ற சிறு கோல்ச் சோதனை மலிவானது, மெலிந்த படை எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்று காட்டும். ஆனால் பெரிய சுவருக்கு அது மட்டும் போதாது. ஒரு மீற்றருக்கு மேற்பட்ட சுவர், கரிமண், சுவருக்கு அருகில் வீடு: இம்மூன்றில் ஒன்று இருந்தாலும் குடிசார் பொறியியலாளர் ஒருவரின் வரைபடம் வேண்டும். கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் அவருக்குக் கொடுப்பது சிறு தொகை.

சுவர் தேவையா?

கட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இது. கரையை ஒரு பங்கு உயரத்துக்கு இரண்டு பங்கு அகலம் என்ற சரிவுக்கு வெட்ட இடமிருந்தால் பல காணிகளில் சுவரே வேண்டியதில்லை. ஒரு மீற்றர் உயர வேறுபாட்டுக்கு இரண்டு மீற்றர் நிலம் போகும். பதினைந்து மீற்றர் முகப்புள்ள காணியில் அது 30 சதுர மீற்றர், அதாவது 1.2 பேர்ச். பேர்ச் விலையை நினைக்கும்போது மனம் வராதுதான். ஆனால் சுவர் செலவையும் அதன் பராமரிப்பையும் கூட்டிப் பாருங்கள்.

சரிவின் நீர்மட்டப் பகுதியில் 150 முதல் 300 மில்லிமீற்றர் வரையான கருங்கற்களை 400 மில்லிமீற்றர் கனத்துக்கு அடுக்கி, அவற்றுக்குக் கீழே, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு சதுர மீற்றருக்கு 700 கிராம் வகைத் தும்பு வலையை விரித்து வெட்டிவேர் நடலாம். வரிசையில் செடிக்குச் செடி 10 முதல் 15 சென்ரிமீற்றர், வரிசைகளுக்கிடையே ஒரு மீற்றர் உயர வேறுபாடு. தும்பு வலை சில ஆண்டுகளில் உக்கிப்போகும். அதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். உவர்நீர் ஏறும் பொல்கொடவின் கடல்வாய்ப் பக்கத்தில் நீர்மட்டத்தை ஒட்டி நட்ட வெட்டிவேர் சரிவர வளராது. அங்கே தாழை போன்ற உவர் தாங்கும் செடிகளைப் பாருங்கள். 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. இப்படியான இளகிய கரை அதற்கும் பொருத்தம். செங்குத்துச் சுவரில் மோதும் அலை திரும்பிப் பாய்ந்து சுவரின் அடியையே தோண்டும். கல் சரிவு அலையை உறிஞ்சிவிடும்.

எந்த வகைச் சுவர்?

கருங்கல் கட்டு இங்கே எல்லோருக்கும் பழக்கம். மேசன்மார் நன்றாகச் செய்வார்கள், கல்லும் கிடைக்கும். தன் பாரத்தால் நிற்கும் சுவர் இது, ஆகவே தடிப்பு வேண்டும்: அடியில் உயரத்தின் 0.5 முதல் 0.7 பங்கு அகலம், மேலே 450 மில்லிமீற்றர். உறுதியான செம்மண்ணில் இரண்டு மீற்றர் வரை நல்ல தெரிவு. இளகிய நிலத்தில் வேண்டாம்.

கேபியன் என்பது கம்பிவலைப் பெட்டிக்குள் கல் நிரப்பிச் செய்யும் சுவர். பெட்டியின் வழமையான அளவு 2 மீற்றருக்கு 1 மீற்றருக்கு 1 மீற்றர். ஒரு பெட்டிக்கு 2 கன மீற்றர் கல், அதாவது ஏறக்குறைய 0.7 கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி). இதன் சிறப்பு இரண்டு: நீர் தானாக வடியும், நிலம் கொஞ்சம் அமிழ்ந்தாலும் வளைந்து கொடுக்கும், வெடிக்காது. அதனால் கொழும்பின் ஓரளவு இளகிய கரைகளில் முதலில் இதைத்தான் யோசிப்பேன். இரண்டு மீற்றர் உயரத்துக்கு அடிப்பெட்டி வரிசை 1.5 மீற்றர் அகலம், மேல் வரிசை 1 மீற்றர், சுவர் பின்பக்கமாக 6 பாகை சாய்ந்து நிற்க வேண்டும்.

கேபியனில் பிழை நடப்பது நிரப்பும்போதுதான். கல் 100 முதல் 200 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். வலைக்கண் 80 மில்லிமீற்றரென்றால் அதைவிடச் சிறிய கல் ஒழுகிவிடும். முகப்பில் மட்டும் அழகான கல்லை அடுக்கி உள்ளே சல்லியைக் கொட்டுவது வழக்கமான ஏமாற்று. மூன்றிலொரு பங்கு உயரம் நிரம்பியதும் முன்வலையையும் பின்வலையையும் குறுக்குக் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் மறுபடி. இல்லாவிட்டால் பெட்டி பலாப்பழம்போல் வீங்கும். நாகம் பூசிய கம்பி மட்டும் நன்னீரில் ஓரளவு தாங்கும். உவர்நீரில் பிவிசி உறையிட்ட கம்பியே வேண்டும். உறை உரிந்த இடத்தில்தான் துரு ஆரம்பிக்கும்.

கொங்கிறீட் கான்டிலீவர் சுவர் எல் எழுத்து வடிவில் இருக்கும். இதன் அடித்தட்டின்மேல் உள்ள மண்ணே சுவரைப் பிடித்து வைக்கிறது. இரண்டு மீற்றருக்கு அடித்தட்டு 1.2 முதல் 1.4 மீற்றர் அகலம், நிற்கும் பகுதி அடியில் 200 முதல் 250 மில்லிமீற்றர் தடிப்பு. இடம் குறைவான காணிக்கு ஏற்றது. முதன்மைக் கம்பி மண் பக்க முகத்தில் இருக்க வேண்டும்; மண் தள்ளும்போது இழுபடுவது அந்தப் பக்கம்தான். கம்பியை முன்முகத்தில் கட்டிவிட்டால் சுவர் முழுவதும் வீண். கொங்கிறீட் ஊற்றுவதற்கு முன்பே போய்ப் பாருங்கள், பிறகு பார்க்க முடியாது. மண்ணைத் தொடும் முகத்தில் கம்பிக்கு மேல் 50 மில்லிமீற்றர் கொங்கிறீட் மூடி வேண்டும். அதற்குச் சிறு கொங்கிறீட் கட்டைகளை வைப்பார்கள். கொங்கிறீட்டின் வலுத் தரம் குறைந்தது கிரேட் 30, உவர்நீரில் அதற்கும் மேல். நீருக்குள் நேரே கொட்டிய கலவையில் சீமெந்து கழுவிப்போகும். மணல் மூட்டை அடுக்கி நீரைப் பம்பினால் இறைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

ஷீட் பைல் என்பது நிலத்துக்குள் அடித்து இறக்கும் இரும்பு அல்லது வினைல் தகடு. கிடங்கு தோண்ட இடமில்லாதபோதும் கரிமண் ஆழமாக உள்ளபோதும் பயன்படும். நிலத்துக்கு மேலே எவ்வளவு தெரிகிறதோ, கீழே குறைந்தது அவ்வளவாவது, இளகிய மண்ணில் இரு மடங்காவது இறங்க வேண்டும். இயந்திரம் வர வேண்டும், செலவு அதிகம், அதிர்வில் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர் வெடிக்கலாம். தென்னங்குற்றி அடிப்பவர்களும் உண்டு. எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதி நீண்டகாலம் நிற்கும். நனைந்து காய்ந்துகொண்டிருக்கும் நீர்மட்டத்தில் சில ஆண்டுகளில் உக்கும். தற்காலிகத் தடுப்பாக மட்டும் பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

10 மீற்றர் நீளம், கண்ணுக்குத் தெரியும் உயரம் 2 மீற்றர், கருங்கல் கட்டு. மேலே 450 மில்லிமீற்றர், அடியில் 1.2 மீற்றர், அதற்குக் கீழே 1.5 மீற்றர் அகலமும் 0.5 மீற்றர் ஆழமுமான அத்திவாரம். ஒரு மீற்றர் நீளத்துக்கு 2.4 கன மீற்றர் கட்டு, மொத்தம் 24 கன மீற்றர். ஒரு கியூப் 2.83 கன மீற்றர்; ஆகவே ஏறக்குறைய எட்டரைக் கியூப். கலவை மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் போகும். ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் 50 கிலோ சீமெந்து 50 முதல் 55 பை, மணல் மூன்று முதல் மூன்றேகால் கியூப். பின்னால் 300 மில்லிமீற்றர் அகல வடிகால் படைக்கு இரண்டு கியூபுக்குச் சற்று மேல் சல்லி.

இப்போது இந்தச் சுவர் நிற்குமா? ஒரு மீற்றர் நீளத்தின் பாரம் ஏறக்குறைய 5.5 தொன். அடியிலுள்ள உராய்வு அதில் பாதி என்று வைத்தால், வழுக்காமல் பிடித்து நிற்க 2.75 தொன் வலு உண்டு. அத்திவாரத்தையும் சேர்த்து 2.5 மீற்றர் உயரத்துக்குக் காய்ந்த மண் தள்ளுவது 1.9 தொன், ஒன்றரை மடங்குக்குக் கிட்டிய பாதுகாப்பு இருக்கிறது. பின்பக்கம் நீர் நிறைந்து வாவி இறங்கினால் தள்ளுவது 4 தொன். சுவர் வழுக்கும். கல்லை அடுக்கும் செலவில் மிகச் சிறிய பகுதியாகும் சல்லியும் குழாயும் துணியும்தான் இந்த இரு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாடு. அதைத்தான் மேசன்மார் முதலில் ‘தேவையில்லை ஐயா’ என்பார்கள்.

வடிகால்

சுவரின் பின்முகத்தை ஒட்டி 300 மில்லிமீற்றர் அகலத்துக்கு 20 மில்லிமீற்றர் சல்லி நிரப்ப வேண்டும். அந்தச் சல்லிக்கும் மண்ணுக்கும் இடையில் நெய்யப்படாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணி. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 300 மில்லிமீற்றர் ஏற வேண்டும். துணி இல்லாவிட்டால் மண்ணின் நுண்துகள் சல்லிக்குள் இறங்கி இடைவெளிகளை அடைத்துவிடும், அல்லது நீரோடு வெளியே போய்ப் பின்னால் பொந்து விழும். சல்லி இல்லாமல் துணியை மட்டும் சுவரில் ஒட்டுவதும் பயனற்றது.

சுவருக்குள் 75 மில்லிமீற்றர் பிவிசி குழாய்களை வைப்பதை வீப் ஹோல் என்பார்கள். கிடையாக ஒன்றரை மீற்றருக்கு ஒன்று. முதல் வரிசை வாவியின் சாதாரண மட்டத்துக்குச் சற்று மேலே, இரண்டாவது வரிசை ஒரு மீற்றர் மேலே, முதல் வரிசைக் குழாய்களின் நடுவில் வரும்படி. மேற்சொன்ன 10 மீற்றர் சுவருக்குப் பதினான்கு குழாய் போதும். குழாய் முன்பக்கமாக மெல்லச் சரிந்திருக்க வேண்டும், பின்முனையைத் துணியால் சுற்ற வேண்டும். வரிசை முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே போனால் மழைநீர் வெளியேறத் தாமதமாகும்; மேலே வெகு உயரத்தில் வைத்தால் கீழ்ப்பாதி நீர் வடியவே வடியாது. கடைசியில் பூச்சு வேலை செய்யும்போது குழாய் வாயையும் சேர்த்துச் சாந்தால் மூடிவிடுவார்கள். பார்த்துத் திறக்கச் சொல்லுங்கள்.

பின்னால் நிரப்பும் மண்ணுக்கு மணற்பாங்கான செம்மண் நல்லது. தோண்டி எடுத்த கரிமண்ணையோ, உடைத்த கட்டடக் குப்பையையோ, களியையோ திரும்பப் போடாதீர்கள். 150 முதல் 200 மில்லிமீற்றர் படைகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் பிளேட் கொம்பெக்டரால் இறுக்க வேண்டும். சுவருக்கு ஒன்றரை மீற்றருக்குள் பெரிய ரோலர் வேண்டாம், அது புதுச் சுவரையே தள்ளிவிடும். நிரப்பி முடிந்ததும் மேல்மட்டம் சுவரிலிருந்து வீட்டுப் பக்கம் சரியும்படி விட்டு, அங்கே ஒரு சிறு கானில் மழைநீரைப் பிடித்துக் குழாய் வழியாக வெளியேற்றுங்கள்.

கூரைப் பீலிக் குழாயைச் சுவருக்குப் பின்னால் விட்டிருக்கிறீர்களா? மலசலகூடக் கழிவுநீர் நிலத்தில் ஊறும் சோக்கேஜ் குழி சுவர்ப் பக்கம் இருக்கிறதா? இரண்டும் சுவரின் பின்னால் நீர் ஊற்றுகின்றன. ஆப்பின் அகலத்தை மேலே சொன்னேன். சுவர் உயரத்தளவு தூரத்துக்குள் 1,000 லீற்றர் தாங்கி, நிறுத்திய வாகனம், கல் குவியல், நீச்சல் தடாகம் எதுவும் வேண்டாம். ஆயிரம் லீற்றர் நீர் ஒரு தொன், அதை மறந்துவிடுகிறோம்.

அடிவாரம்

அத்திவாரம் வாவிப் படுக்கைக்குக் கீழே குறைந்தது 0.6 மீற்றர் இறங்க வேண்டும்; மேலே கணக்கில் வைத்த 0.5 மீற்றர் எடுத்துக்காட்டுக்கு மட்டும். படகுகள் ஓடும் பொல்கொடவில் அதற்கும் அதிகம். சுவரின் முன்னால் ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் அகலத்துக்கு 150 முதல் 300 மில்லிமீற்றர் கற்களைப் பரப்பினால் படுக்கை கரையாது. இதற்கும் கீழே துணி. சுவர் நேராக நிற்கிறது, பின்னால் நீரில்லை, ஆனாலும் விழுகிறது என்றால் காரணம் இங்கே இருக்கும். முன்னால் படுக்கை 300 மில்லிமீற்றர் குறைந்தால் சுவருக்கு முட்டுக் கொடுத்த மண்ணில் பாதி போய்விட்டது என்று வையுங்கள்.

அனுமதி

நீர்நிலையோரத்தில் ஒதுக்கு நிலம் உண்டு. அதற்குள் கட்ட முடியாது. நில அளவை வரைபடத்தில் அது காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ தெருக்கோடு, கட்டட எல்லைச் சான்றிதழைப் பெறுங்கள். கால்வாய்களும் தாழ்நிலங்களும் 1968இன் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான, இன்று இலங்கைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என்ற நிறுவனத்தின் பொறுப்பில் வருகின்றன. கட்டட அனுமதியில் நகர அபிவிருத்தி அதிகாரசபையும் சம்பந்தப்படும். சுவரை நீருக்குள் ஒரு மீற்றர் முன்னே தள்ளி நிலத்தைச் சேர்த்துக்கொள்ளும் யோசனையைக் கைவிடுங்கள். சட்டத்துக்கும் முரண், படுக்கையின் மிக இளகிய இடமும் அதுவே.

பராமரிப்பு

ஆண்டுக்கு இரண்டு முறை போதும்: தென்மேல் பருவமழைக்கு முன் ஏப்ரலில் ஒரு தடவை, ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன் செப்டெம்பரில் ஒரு தடவை. ஒவ்வொரு வெள்ளமும் வடிந்த பிறகு கூடுதலாக ஒன்று.

முதலில் வீப் ஹோல். 20 மில்லிமீற்றர் பிவிசி குழாயையோ மூங்கிற்கோலையோ உள்ளே விட்டுப் பாருங்கள். அதிவேக நீர்ப்பீச்சால் கழுவாதீர்கள், உள்ளே துணி கிழியும். நல்ல மழைக்கு மறுநாள் கவனியுங்கள்: தெளிந்த நீர் சொட்டினால் சுகம். மேலே நிலம் சேறாக இருந்தும் ஒரு குழாயும் சொட்டாவிட்டால் அடைப்பு. கலங்கிய செந்நீர் வந்தால் பின்னால் மண் போகிறது. சில மாதங்களில் புல்தரையில் குழி விழும்.

வெடிப்பில் முளைக்கும் அரசு, ஆல் நாற்றுகளை விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்குங்கள். கட்டைவிரல் தடிப்பானதை இழுத்தால் கல்லும் கூடவே வரும். அதை வெட்டி, துளிர் வரும்போதெல்லாம் மறுபடி வெட்டிக்கொண்டிருந்தால் பட்டுப்போகும். சுவரின் பின்னால் கபரகொய்யா (நீருடும்பு) பொந்து தோண்டுவதும் இங்கே சாதாரணம். பொந்து சுவருக்கு நீரைக் கொண்டுபோகும் குழாயாகிவிடும். விலங்கு இல்லை என்று உறுதியான பின் கல்லும் மண்ணும் போட்டு இறுக்குங்கள். கருங்கல் கட்டில் சாந்து உதிர்ந்த மூட்டுகளை 25 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி, நனைத்து, ஒன்றுக்கு மூன்று சாந்தால் நிரப்பலாம். அழகுக்காக முழு முகத்தையும் பூசி மூடாதீர்கள். கேபியனில் அறுந்த கம்பியை உடனே அதே வகைக் கம்பியால் தைத்துவிடுங்கள். ஒரு கண் அறுந்தால் ஒரு பருவத்தில் பெட்டி காலியாகும்.

அடிவாரத்தை அளக்க ஒரு மூங்கிலில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டு, சுவரின் மேல்விளிம்பிலிருந்து படுக்கை எவ்வளவு கீழே என்று மூன்று நிலையான இடங்களில் பாருங்கள். ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். போன தடவையை விட 150 மில்லிமீற்றர் ஆழமாகிவிட்டால் கல் போடும் நேரம். அதே கொப்பியில் சுவரின் மேல்விளிம்புக்கும் வீட்டு மூலைக்கும் உள்ள தூரத்தையும், தூக்குக்குண்டு தொங்கவிட்டு எடுத்த சாய்வையும் எழுதுங்கள். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி போட்டால், அது வளர்கிறதா என்பது தெரியும். பத்தாண்டாக அசையாத வெடிப்பு கவலைக்குரியதல்ல. நான்கு மாதத்தில் ஐந்து மில்லிமீற்றர் விரிந்தது கவலைக்குரியது. இரண்டு மீற்றர் சுவர் 20 மில்லிமீற்றருக்கு மேல் முன்சாய்ந்து, அது கூடிக்கொண்டும் போனால் பொறியியலாளரை அழையுங்கள்.

அவர் வரும்வரை என்ன செய்வது? சுவருக்குப் பின்னாலுள்ள வாகனத்தையும் தாங்கியையும் அகற்றுங்கள். கூரைப் பீலியை வேறு பக்கம் திருப்புங்கள். நிலத்தைப் பொலித்தீனால் மூடி மழைநீர் இறங்காமல் பாருங்கள். அடைத்த வீப் ஹோல்களைத் திறவுங்கள். சுவர் நகர்வது நின்றிருந்தால், பின்னாலுள்ள மேல்மண்ணில் அரை மீற்றரை மண்வெட்டியால் அள்ளிப் பாரத்தைக் குறைக்கலாம். இயந்திரத்தை அருகில் கொண்டுவர வேண்டாம். அடிவாரத்தின் முன்னால் மணல் மூட்டையோ கருங்கல்லோ அடுக்கலாம். ‘அத்திவாரம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்’ என்று முன்பக்கம் தோண்ட மட்டும் யாரையும் விடாதீர்கள். சாய்ந்த சுவரைப் பிடித்து வைத்திருப்பது அப்போது அந்தக் கொஞ்ச மண்தான்.